ஒரு ரிங் அடித்து கட் ஆகும் வெளிநாட்டு அழைப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: நடுராத்திரியில் +232 என்று தொடங்கும் எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங். மிஸ்டு காலுக்கே பணம் போயிருக்குமா?

பதில்: போகாது. நீங்கள் திருப்பி அழைத்து, அந்தப் பக்கம் இணைப்பு கிடைத்த பிறகுதான் மீட்டர் ஓடும். +232 சியரா லியோன். அங்கே உங்களுக்கு யாரும் இல்லையென்றால் பிளாக் செய்துவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: ஒரு ரிங்கில் அவர்களுக்கு என்ன லாபம், சார்?

பதில்: நீங்கள் திருப்பி அழைத்தால்தான் லாபம். வெளிநாட்டு அழைப்புக்கு நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி, அழைப்பு போய்ச் சேரும் நிறுவனத்துக்குப் போகிறது. கட்டணம் அதிகமுள்ள எண்களை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அதில் பங்கு உண்டு. அதனால் கணினியை வைத்து ஆயிரக்கணக்கான பேருக்கு வரிசையாக அடிக்கிறார்கள். நீங்கள் எடுத்துவிட்டால் செலவு அவர்களுக்கு. அதனால்தான் அவ்வளவு அவசரமாகக் கட் செய்வது. நீங்கள் அழைத்ததும் பாட்டு ஓடும், 'காத்திருக்கவும்' என்று குரல் வரும். இதில் கில்லாடித்தனம் என்னவென்றால், சிலர் ரிங் போகும் சத்தத்தையே பதிவு செய்து ஓடவிடுவார்கள். இன்னும் எடுக்கவில்லை என்று நீங்கள் பொறுமையாகக் காத்திருப்பீர்கள், பணம் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: +1 வந்தால் பயமில்லைதானே? என் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள்.

பதில்: கனடாவும் பல கரீபியன் நாடுகளும்கூட +1தான். அடுத்த மூன்று இலக்கங்களைப் பாருங்கள்: 876 ஜமைக்கா, 473 கிரெனடா, 809 டொமினிக்கன் குடியரசு. தங்கை எண்ணைப் பெயரோடு சேமித்துவிட்டால் குழப்பமே இல்லை.

கேள்வி: திருப்பி அழைத்தால் சிம்மையே குளோன் செய்துவிடுவார்களாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

பதில்: வதந்தி. வெறும் அழைப்பை வைத்து சிம்மை நகலெடுக்க முடியாது. நிஜ ஆபத்து வேறு. யாராவது போனில் பேசி, '*21* போட்டு இந்த எண்ணை அடியுங்கள்' என்றால் செய்யவே செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம், ஓடிபி சொல்லும் அழைப்பு உட்பட, அவர்களுக்குத் திரும்பிவிடும். சந்தேகம் இருந்தால் *#21# அடித்துப் பாருங்கள். ரத்து செய்ய ##002#.

கேள்வி: நான் ஏற்கெனவே அழைத்துவிட்டேனே!

பதில்: சரி, பதற வேண்டாம். பேலன்ஸையோ பில்லையோ பாருங்கள். பணம் போயிருந்தால் உங்கள் நிறுவனத்தில் புகார் கொடுங்கள், தேவையில்லாவிட்டால் வெளிநாட்டு அழைப்பு வசதியையே நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், நாலு வார்த்தை திட்டலாம் என்று அந்த எண்ணுக்கு மறுபடி அடிக்காதீர்கள். அதற்கும் காசு போகும்.