சத்தத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?

அன்புள்ள ஐயா,

கோவையில் விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். கையில் இருப்பது 40,000 ரூபாய். பாதிக்கு மேல் கேமரா, லென்ஸ், ட்ரோன் வாடகைக்கே போய்விட்டது. வழியனுப்பும் காட்சிக்கு ரயில் நிலையத்தில் அனுமதி கிடைக்கவில்லை. நாயகனாக நடிக்கும் நண்பன் பாதியில் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். வசனம் சரியாகப் பதிவாகவில்லை, அதை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். பின்னணிக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டு வைத்திருக்கிறோம். பணமில்லாதவர்கள் நல்ல படம் எடுக்கவே முடியாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தப் பதில். அண்மையில் ஒரு கல்லூரிக் குறும்பட விழாவில் நடுவராக இருந்தேன். படங்கள் பார்க்க அத்தனை அழகு. ஒன்றில் ஒரு அம்மா, வீட்டை அடமானம் வைத்துவிட்டதை மகனிடம் முதன்முதலாகச் சொல்கிறாள். அவள் குரலுக்கு மேலே ஃபிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்மணி உயிரைக் கொடுத்து நடித்திருந்தார். அரங்கில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

மற்றதையெல்லாம் முடித்துவிடுகிறேன். ரயில் நிலையம் இல்லையென்றால் வீட்டு வாசலில் வழியனுப்புங்கள். நண்பன் கதையிலேயே முடி வெட்டிக்கொள்ளட்டும். ட்ரோனை இன்றைக்கே ரத்து செய்யுங்கள். உங்கள் கதையில் ஊரை மேலேயிருந்து பார்ப்பது யார்?

இப்போது சொல்லுங்கள், சத்தத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? உங்கள் கணக்கில் அப்படி ஒரு வரியே இல்லை. டப்பிங் என்றால் ஸ்டுடியோ வேண்டும். காலடி, பாத்திரம், சேலையின் சரசரப்பு எல்லாவற்றையும் திரும்ப உருவாக்க ஆள் வேண்டும். உங்களிடம் இருக்கப்போவது ஒரு ஹாஸ்டல் அறையும் போர்வையும். அன்றைக்கு அழுதுகொண்டே பேசியவனை இரண்டு வாரம் கழித்து அங்கே உட்காரவைத்தால் உதடு பொருந்தும், அழுகை பொருந்தாது. பணமில்லாதவர்களுக்குக் கட்டுப்படியாகாத வழியைத்தான் நீங்கள் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்!

1992இல் வெளிவந்த 'எல் மரியாச்சி' என்ற படத்தை இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் ஏறத்தாழ 7,000 டாலரில் படம்பிடித்தார். அவர் கேமரா ஓடினால் பெரிய சத்தம் வரும். அதனால் ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்திவிட்டு, மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோய், அதே இடத்தில் அதே வசனத்தை மறுபடி சொல்லவைத்து டேப்பில் பிடித்தார். சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட்டார், அதுதான் விஷயம்.

என் நண்பர் ஒருவர் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் குறும்படம் எடுத்தார். ஒலிப்பதிவுக்கு வந்தவர் வயதானவர். முந்தின நாளே வந்து திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்துப் பள்ளிக்கூட மணி எப்போது அடிக்கிறது, எதிர்வீட்டு மோட்டார் எப்போது ஓடுகிறது என்று குறித்துக்கொண்டார். படப்பிடிப்பன்று ஃபிரிட்ஜை அணைக்கப் போனபோது அந்த வீட்டு அம்மா விடவில்லை. உள்ளே இட்லி மாவு இருக்கிறது. பெரியவர் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "சாவியை எடுக்க வரும்போது ஃபிரிட்ஜை மறுபடி போடாம நான் வீட்டுக்குப் போக முடியாதும்மா" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு அவரே சுவிட்சை அணைத்தார்.

காட்சி முடிந்ததும் பெரியவர் யாரையும் கலையவிடவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள் என்று சொல்லி, பேச்சில்லாத அந்த வீட்டைப் பதிவு செய்தார். ரூம் டோன் என்பார்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே அதை நிரப்பாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் காது திடீரென்று அடைத்துப்போகும். வீட்டுக்கு வீடு அது வேறு. வெளியே வாங்க முடியாது, ஒரு பைசா செலவும் கிடையாது. இதைக்கூடச் செய்யாமல் பணமில்லை என்று எழுதுகிறீர்களே!

பாட்டு விஷயம். சார்லஸ் பர்னெட் என்ற மாணவர் 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தை 1970களில் லாஸ் ஏஞ்சலஸில் எடுத்தார். பல்கலைக்கழகத்தில் தன் பட்டத்துக்காக எடுத்த படம், செலவு 10,000 டாலருக்கும் குறைவு. அதில் இருந்த பாட்டுகளுக்கு உரிமை வாங்கவில்லை. அதனால் அது முறையாகத் திரையரங்குக்கு வந்தது 2007இல்தான். உங்கள் வகுப்பிலேயே பாடத் தெரிந்த யாராவது இருப்பார்கள், கேளுங்கள்.

ட்ரோன் பணத்தில் ஒரு ரெக்கார்டரும் காலர் மைக்கும் வாடகைக்கு எடுங்கள். அதுவும் முடியாதென்றால் நடிகரின் சட்டைப்பையில் கைபேசியை வைத்துப் பதிவு செய்யுங்கள். பத்தடி தள்ளியிருக்கும் கேமரா மைக்கைவிட அது மேல். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் கைதட்டுங்கள், படத்தையும் ஒலியையும் பொருத்த அது போதும். ஐந்து பேரில் ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பதை மட்டுமே வேலையாகச் செய்யட்டும். "சரியாக விழவில்லை" என்று அவர் சொன்னால் இயக்குநர் மறுபேச்சில்லாமல் இன்னொரு டேக் எடுக்க வேண்டும்.

உங்கள் படத்திலும் ஒரு அம்மா இருந்து, அவருடைய காட்சி இன்னும் மிச்சமிருந்தால் அதை இப்படி எடுங்கள். அப்புறம், படத்தை அனுப்பாதீர்கள். ஒலியை மட்டும், வெட்டாமல் எனக்கு அனுப்பிவையுங்கள். முழுவதும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.