பாறையை அறுத்தது தண்ணீர் மட்டுமா? கிராண்ட் கேன்யன் பற்றிச் சில கேள்விகள்

கொலராடோ ஆற்றையும் அது அமெரிக்காவின் அரிசோனாவில் வெட்டிய கிராண்ட் கேன்யனையும் பற்றிக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆறு தாழ்வான இடம் பார்த்துத்தானே ஓடும்? 2,000 மீட்டருக்கு மேல் உயரமான பீடபூமிக்குள் எப்படிப் புகுந்தது சார்?

பதில்: ஆறு மேடேறவில்லை, நிலம் மேலே வந்தது. விளிம்பில் நின்றால் காலுக்கடியில் இருப்பது கைபாப் சுண்ணாம்புக்கல். சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது அது. கடற்பஞ்சு, சிப்பி போன்றவற்றின் படிமங்களை அதில் இன்றும் பார்க்கலாம். கடலடியாக இருந்த அந்தத் தரை இப்போது தெற்கு விளிம்பில் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும், வடக்கில் அதைவிட 300 மீட்டர் கூடுதலான உயரத்திலும் இருக்கிறது. ராக்கி மலைகள் எழும்பிய காலத்தில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதியும் உயரத் தொடங்கியது. பக்கத்து மலைகள் கசங்கி மடிந்தபோது, இங்கே அடுக்குகள் பெரும்பாலும் படுக்கை வாட்டத்திலேயே மேலே வந்தன.

மரம் அறுக்கும் மில்லில் ரம்பம் நின்ற இடத்திலேயே ஓடும், கட்டைதான் நகரும். 1869இல் படகுகளில் இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்த ஜான் வெஸ்லி பவல் சொன்ன விளக்கமும் இதுதான்: நிலம் எழ எழ, ஆறு தன் மட்டத்தை விடாமல் அறுத்தது. அடிப்படை சரி. ஆனால் ஆறு ஆதியிலிருந்தே இதே வழியில் ஓடியது என்று அவர் நினைத்தது இப்போது நிற்கவில்லை. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை கொலராடோ ஆற்றின் வண்டல் பள்ளத்தாக்கின் மேற்கு வாசல் வழியாக வெளியே வந்ததற்குத் தடயமே இல்லை. கலிஃபோர்னியா வளைகுடா திறந்து, கடலுக்குப் போகும் வழி தாழ்ந்த பிறகுதான் ஆறு முழு நீளத்துக்கும் ஒன்றாக இணைந்தது. சரிவு கூடியதும் வெட்டும் வேகமும் கூடியது.

கேள்வி: நிலநடுக்கத்தில் பிளந்தது என்று படித்தேனே?

பதில்: இல்லை. ஆறு வளைகிற இடத்தில் பள்ளத்தாக்கும் சேர்ந்து வளைகிறது. பழைய பிளவுக்கோடுகள் சில கிளைப் பள்ளங்களுக்கு வழி காட்டியிருக்கின்றன, அவ்வளவுதான்.

கேள்வி: தண்ணீர் மிருதுவானது. அது எப்படிப் பாறையை வெட்டும்? பத்தாம் வகுப்புப் பசங்க கேட்டால் என்ன சொல்வது?

பதில்: தண்ணீர் வெறும் சுமை வண்டிதான் என்று சொல்லுங்கள் டீச்சர். வெட்டுவது அது சுமந்துவரும் மணலும் கூழாங்கல்லும் பாறாங்கற்களும். ஆற்றுப்படுகைப் பாறையில் சுழலில் சிக்கிய கல் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும். விரிசல் இருக்கும் இடத்தில் வெள்ளம் பாறைத் துண்டையே பெயர்த்துக்கொண்டு போகும்.

‘வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர்’ என்ற கணக்கை நான் அதிகம் நம்புவதில்லை. பள்ளத்தாக்கின் ஆழமான 1,600 மீட்டரை 60 லட்சம் ஆண்டுகளால் வகுத்தால் வருடத்துக்குக் கால் மில்லிமீட்டர் சொச்சம் வரும். ஆனால் ஆறு தினமும் அளந்து அறுப்பதில்லை. படுகையின் மேல் மணலும் கல்லும் மூடிக் கிடக்கும்வரை அடிப்பாறைக்கு ஒன்றும் ஆகாது. பெருவெள்ளம் அந்தப் போர்வையைக் கிளப்பி உருட்டும் சில நாட்களில்தான் உண்மையான வேலை நடக்கிறது.

கேள்வி: ஆறு சுமார் 100 மீட்டர் அகலம்தான். பள்ளத்தாக்கு சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம். கணக்கு உதைக்கிறதே?

பதில்: நல்ல கேள்வி. ஆறு ஆழத்துக்கு மட்டுமே பொறுப்பு. அகலமாக்கியவை மழை, விரிசலுக்குள் உறையும் பனி, பாறைச் சரிவுகள், கிளை ஓடைகள். விழுந்த குப்பையை அள்ளிப் போவது ஆற்றின் வேலை.

சுவர் படிப்படியாக இருப்பதும் இதனால்தான். சுண்ணாம்புக்கல், மணற்கல் அடுக்குகள் இந்த வறண்ட ஊரில் செங்குத்தாக நிற்கின்றன. இடையில் இருக்கும் ஷேல் (சேறு இறுகி உண்டான மெல்லடுக்குப் பாறை) எளிதில் நொறுங்கிச் சரிவாகிறது. ஷேல் அரிக்கப்பட்டதும் மேலே இருப்பதற்குப் பிடிமானம் போய்ப் பாளம் பாளமாக விழுகிறது. நடுவில் சிவப்பாகத் தெரியும் ‘ரெட்வால்’ சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம்! மேலடுக்குகளின் இரும்புத் துரு மழையில் வழிந்து பூசிய சாயம்தான் வெளியே தெரிகிறது.

இன்னொன்று. நிலம் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வடக்கு விளிம்பில் பெய்யும் மழை பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது, தெற்கு விளிம்பில் பெய்வது எதிர்ப்பக்கம் ஓடிவிடுகிறது. அதனால் வடக்குச் சுவர் அதிகம் அரிக்கப்பட்டு, ஆற்றிலிருந்து வெகுதூரம் பின்வாங்கியிருக்கிறது.

கேள்வி: வயது 60 லட்சம் என்கிறார்கள், 7 கோடி என்றும் சொல்கிறார்கள். எது சரி அண்ணா?

பதில்: இந்தச் சண்டை 2012இல் பெரிதாக வெடித்தது. அபடைட் என்ற கனிமத்தின் மணிகளுக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஹீலியம் உண்டாகும். ஆழத்தில் சூடாக இருக்கும்வரை ஹீலியம் கசிந்துவிடும். மேலே இருக்கும் பாறை அரிக்கப்பட்டு மணி குளிர்ந்தபின் உள்ளேயே தங்கும். எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்தால், அந்தப் பாறை எப்போது தரைக்கு நெருங்கியது என்று தெரியும். அப்படி அளந்தவர்கள், மேற்குப் பகுதி சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்டது என்றார்கள்.

2014இல் மற்றொரு குழு, துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும் என்றது: நடுவில் ஒரு துண்டு 5 கோடி ஆண்டுகளுக்கும் பழசு, கிழக்கில் ஒன்று 1.5 முதல் 2.5 கோடி, இரண்டு முனைகளும் 50–60 லட்சம். பழைய பள்ளங்களை இளம் ஆறு ஒன்றாகக் கோர்த்தது என்ற இந்தக் கதைதான் எனக்கும் ஏற்புடையது. வாசலில் வண்டல் இல்லாததையும் அதுதான் விளக்குகிறது. பாறையின் வயது வேறு விஷயம், குழப்பிக்கொள்ளாதீர்கள்: அடியில் இருக்கும் விஷ்ணு ஷிஸ்ட் என்ற உருமாறிய பாறை சுமார் 170 கோடி ஆண்டுகள் பழையது.

கேள்வி: ஒகேனக்கல்லும் இதே கதைதானா?

பதில்: மைசூர் பீடபூமியிலிருந்து இறங்கும்போது காவிரி வெட்டிக்கொண்ட பாதை என்ற வகையில் உறவு உண்டு. ஆனால் அங்கே இருப்பது படுக்கை அடுக்குகள் அல்ல, மிகப் பழைய கடினமான உருமாறிய பாறை. அதனால் படிக்கட்டுச் சுவர் கிடையாது; ஆறு விரிசல்களைத் தேடி நுழைந்து குறுகிய சந்துகளாக ஓடுகிறது. அடுக்கு அடுக்கான சுவரைப் பக்கத்திலேயே பார்க்க ஆசையென்றால் ஆந்திராவில் பெண்ணாற்றங்கரை கண்டிக்கோட்டைக்குப் போய் வாருங்கள்.

கேள்வி: இன்னும் ஆழமாகுமா? அணை கட்டியபின் நின்றுவிட்டதா?

பதில்: பள்ளத்தாக்கின் அடியில் ஃபேன்டம் ரேஞ்ச் என்ற தங்குமிடத்துக்குப் பக்கம் ஆறு இன்னும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 730 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. வெட்ட இடம் நிறைய இருக்கிறது. ஆனால் 1963இல், பள்ளத்தாக்குக்கு மேலே ஆற்றின் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணை மூடப்பட்டபின் வண்டல் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. செந்நிறமாக ஓடிய ஆறு அணைக்குக் கீழே பச்சையாக, சில்லென்று வருகிறது. பெருவெள்ளமும் போயிற்று. கரை மணல்திட்டுகள் கரைவதைப் பார்த்து, 1996இலிருந்து அவ்வப்போது அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விடுகிறார்கள்.

கிளை ஓடைகளுக்கு அணை இல்லை. 1966 டிசம்பரில் ஒரு பெருமழையில் கிரிஸ்டல் ஓடை பாறாங்கற்களைக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டியது. சாதாரணமாக இருந்த நீரோட்டம், படகோட்டிகள் பயப்படும் ‘கிரிஸ்டல் ரேபிட்’ என்ற சீறிப் பாயும் நீரோட்டம் ஆனது. அந்தக் கற்களை அடித்துச் செல்லும் அளவு வெள்ளத்துக்கு இனி அணைக்காரர்கள் மனம் வைக்க வேண்டும்.