வீட்டை அடகு வைத்து எம்.பி.ஏ. வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் எல்.எல்.பி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "வெறும் சட்டம் சோறு போடாது, முடித்த கையோடு எம்.பி.ஏ. சேர்த்துவிடு, வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம்" என்று பெரியப்பா விடாமல் சொல்கிறாராம். பெண்ணுக்கோ இப்போதே வணிகத் துறையில் ஒரு பாடம் எடுக்க ஆசை.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த அடகுப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். எம்.பி.ஏ. என்பது சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கான படிப்பு. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவியும் அதற்குக் கிடையாது. ஆர்ட்டிகிள்ஸ் எனும் வக்கீல் பயிற்சிகூட முடிக்காத பெண்ணின் தலையில் அந்தக் கடனை ஏற்றாதீர்கள்.

உங்கள் மகள் கேட்பதுதான் சரியான வழி. நான்கு ஆண்டு எல்.எல்.பி.க்குக் குறைந்தது 480 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் பாடத்துக்கு 160 மணி நேரம். அந்த உழைப்பு பட்டத்தின் கணக்கிலேயே சேருமானால் அதைவிட மலிவான வணிகப் படிப்பு வேறில்லை.

எந்தப் பாடம்? மார்க்கெட்டிங்கை விட்டுவிடட்டும். நிதிக் கணக்கியல் எடுக்கட்டும். அட்டர்னி எனும் வக்கீல் ஆவதற்கான தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று முழுக்க முழுக்க புக்கீப்பிங், அதாவது கணக்கு எழுதுதல். வழக்கு நடைமுறையை மளமளவென்று எழுதும் பிள்ளைகள்கூட பற்று, வரவு (டெபிட், கிரெடிட்) என்றதும் திணறுகிறார்கள். தேர்வோடும் அது முடிவதில்லை. கட்சிக்காரர் பணத்தை அட்டர்னி தனி டிரஸ்ட் கணக்கில் வைக்க வேண்டும். அதற்குத் தனியே கணக்கு எழுத வேண்டும். அதில் கை வைத்தாலோ குழப்பினாலோ தொழிலே போகலாம். கம்பெனி வழக்குகளும் அப்படித்தான். 2008ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒரு கம்பெனி பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் எனும் லாபப் பங்கு கொடுக்குமுன், அதன் சொத்து கடனை ஈடுகட்டுமா, அடுத்த 12 மாதங்களில் வரும் கடன்களை உரிய நேரத்தில் அடைக்க முடியுமா என்று இயக்குநர்கள் பார்த்தாக வேண்டும். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாத வக்கீல் அவர்களுக்கு என்ன ஆலோசனை சொல்வார்?

சரி, சேருமுன் சிலவற்றை அவளே விசாரிக்கட்டும். அந்தப் பாடம் எல்.எல்.பி. கிரெடிட்டில் சேருமா என்பதைச் சட்டத்துறை அலுவலகத்தில் எழுத்தில் வாங்க வேண்டும். சேராவிட்டால் கட்டணம் உங்கள் கையிலிருந்து போகலாம். அப்படியானால் வேண்டாம் என்பேன். அடுத்தது மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வுக் கணிதம். வணிகப் பாடங்கள் பலவற்றுக்கு 'மேத்ஸ் லிட்டரசி' எனும் எளிய கணிதப் பாடம் போதாது, முழுக் கணிதம் கேட்பார்கள். அப்புறம் கால அட்டவணை. வணிகப் பாடங்கள் பெரும்பாலும் வெஸ்ட்வில் வளாகத்தில் நடக்கின்றன. இரண்டு வளாகங்களுக்கும் இடையே அலைவதில் கட்டாயச் சட்டப் பாடம் ஒன்று தவறினால் படிப்பே ஓராண்டு நீளலாம்.

முதல் முறை ஒரு பாடம் போதும். பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். பிடித்தால் அடுத்து வரிவிதிப்புப் பாடத்தைப் பார்க்கலாம். பெரியப்பா விடாப்பிடியாக இருந்தால் அவரையும் மகளையும் சேர்த்தே என்னிடம் அழைத்து வாருங்கள். அவள் இல்லாமல் அவள் படிப்பைப் பற்றி நான் பேசமாட்டேன்.