மணல் பக்கம்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் கடலைப் பற்றி எழுதுகிறீர்கள், சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஓய்வு பெற்றுப் போன வீரர்களில் உங்கள் மனதில் நிற்பவர்கள் யார்? என்னுடைய பட்டியல் இது: மரடோனா, ரொஜர் மில்லா, ரொபர்ட்டோ பாஜ்ஜியோ, ஸிடான், பிரேசிலின் ரொனால்டோ, ரொனால்டினோ. முதல் மூவரையும் யூடியூப்பில்தான் பார்த்தேன். இவர்களைப் போல இனி வருவார்களா? இப்போதுள்ளவர்கள் காசுக்காக ஆடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. மரடோனாவா மெஸ்ஸியா என்பதற்கும் ஒரு முடிவு சொல்லுங்கள். எங்கள் அப்பாவும் ஒரு காலத்தில் இங்கே கழகத்துக்கு ஆடியவராம். ஆனால் புல்பாக், பின்னால் நின்று மறிக்கிறவர். ஒரு கோல்கூட அடித்ததில்லையாம். அதனால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

சி.,
இளவாலை

அன்புள்ள தம்பி,

வாசித்துக்கொண்டு வந்தபோது நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன். கடைசி இரண்டு வரியில் கோபம் வந்துவிட்டது. அந்தச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுவோம். மரடோனாவா மெஸ்ஸியா என்பது தேத்தண்ணிக் கடையில் தொடங்கி, கோப்பை காலியானதும் விட்டுவிட வேண்டிய கதை. காசு விஷயமா? 1984 இல் நாப்போலி கழகம் மரடோனாவை வாங்கியபோது அதுவரை உலகத்தில் எந்த வீரருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. உங்கள் மரடோனா அங்கே தர்மத்துக்கு ஆடப் போகவில்லை. இனி வருவார்களா? வருவார்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம். ஆறு பேர். ஆறு பேரும் கோல் அடிப்பவர்கள், அல்லது அடிக்கக் கொடுப்பவர்கள். பின்னால் நின்று மறித்தவன் ஒருவன்கூட உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? வலை காக்கும் கோலி ஒருவர்கூட இல்லை. இந்த ரீமை அப்படியே இறக்கினால் எங்கள் ஊர்ப் பதினைந்து வயதுப் பெடியளே ஐந்து கோல் போட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள்.

உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை, உலகமே இப்படித்தான் இருக்கிறது. வருடத்தின் சிறந்த வீரருக்கான பலோன் டி ஓர் விருதை 1956 இலிருந்து கொடுத்து வருகிறார்கள். ஆண்களில் பின்வரிசைக்காரர் என்று அதை வாங்கியவர்கள் மூன்றே மூன்று பேர். பெக்கன்பவர் 1972 இலும் 1976 இலும், சாமர் 1996 இல், கனவாரோ 2006 இல். மற்றதெல்லாம் உங்கள் பட்டியல் ஆட்கள்தான், ஒரே ஒரு முறை ஒரு கோலிக்குப் போனதைத் தவிர. மறிக்கிறவன் என்ன செய்தான் என்று எதைக் காட்டுவது? அவன் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. நடக்காததை யார் யூடியூப்பில் போடுவார்கள்?

அவன் பெயர் வெளியில் வரவேண்டுமென்றால் பிழைவிட வேண்டும். 1986 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா தனியே கொண்டுபோய் அடித்த அந்தக் கோலை நீங்கள் நூறு தரம் பார்த்திருப்பீர்கள். அதில் டெரி புட்சர் என்ற ஒருவர் இரண்டு தரம் வெட்டுப்படுகிறார். அவருடைய வாழ்நாள் ஆட்டத்தில் உங்களுக்குத் தெரிந்தது அந்தச் சில விநாடி மட்டுமே. கொலம்பியாவின் அந்திரே எஸ்கோபாரின் கதை இன்னும் பொல்லாதது. 1994 ஜூன் 22, உலகக் கிண்ணம், பசடேனா மைதானத்தில் அமெரிக்காவுடன் ஆட்டம். குறுக்கே வந்த பந்தை மறிக்கக் காலை நீட்டினார், அது சொந்த வலைக்குள் போனது. ஜூலை 2 மெடலின் நகரத்தில் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. இங்கே பேப்பரில் ஒரு மூலையில் சின்னதாக வந்தது. எங்களுக்கு அப்போது சூட்டுச் செய்தி புதிதல்ல. ஆனாலும் ஒரு பந்துக்காகவா என்று அன்று ஒழுங்கை முழுக்க அதே பேச்சு.

இனி நான் சொல்ல நினைத்த கதை. அதே 1994, அதே பசடேனா மைதானம், ஜூலை 17. இறுதி ஆட்டம், பிரேசிலும் இத்தாலியும். எங்கள் நேரப்படி 18 ஆம் திகதி அதிகாலை ஒரு மணி. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் நான்கு வருடம். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். ஆகவே எல்லாரையும் போல நாங்களும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, வயரை ரேடியோவுக்குக் கொடுத்துப் பெடல் சுற்றினோம். சுற்றினால் பேசும், விட்டால் செத்துவிடும். சிற்றலையில் ஆங்கில வர்ணனை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னை ரேடியோவுக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள், மொழிபெயர்க்க. பாதியை நானே இட்டுக்கட்டினேன்.

பெடலில் இருந்தவர் எங்கள் ஊர்ப் புல்பாக். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே அண்ணை என்றே வைத்துக்கொள்வோம். கரைவலை இழுத்த கால். மற்றவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருவர் மாறுவோம், அவர் ஏறினால் முக்கால் மணித்தியாலம் இறங்கமாட்டார்.

இத்தாலிக்கு அன்று பின்னால் நின்றவர் பிராங்கோ பரேசி. 34 வயது. நோர்வேயுடன் ஆடியபோது முழங்கால் போய், சத்திரசிகிச்சை செய்து, 24 நாளில் திரும்பி வந்து இறுதி ஆட்டத்தில் நின்றார். எதிரே பிரேசிலின் ரொமாரியோ, பெபெட்டோ. 120 நிமிடம். ஒரு கோல் இல்லை. வர்ணனையாளர் நிமிடத்துக்கு ஒருமுறை ‘பரேசி, பரேசி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அண்ணை அந்தப் பெயர் வரும்போதெல்லாம் பெடலை இன்னும் ஒரு அழுத்து அழுத்துவார், ரேடியோ கத்தும்.

அப்புறம் பெனால்டி. முதலாவது யார் என்று கேட்டார்கள். பரேசி என்றேன்.

அண்ணை பெடலை நிறுத்திவிட்டார்.

‘உவன் ஏன்ரா அடிக்கிறான்? புல்பாக் எல்லோ!’

ரேடியோ செத்துப் போனது. எல்லாரும் கத்தினார்கள், இருட்டில் ஒருவன் அவரைத் தள்ளியே விட்டான். திரும்பச் சுற்றிப் பிடித்தபோது பிரேசிலின் மார்சியோ சாந்தோஸ் அடித்து அதுவும் கோல் ஆகாமல் போயிருந்தது. எண்ணிக்கை பூச்சியத்துக்குப் பூச்சியம். யார் விட்டது, யார் அடித்தது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரேசி கம்பத்துக்கு மேலால் அடித்ததை நான் கேட்கவேயில்லை. கடைசியில் பாஜ்ஜியோவும் மேலால் அடித்தார், அது நன்றாகவே கேட்டது. உலகத்துக்கும் அது மட்டும்தான் கேட்டிருக்கிறது. இடையில் மசாரோவும் விட்டார். பாஜ்ஜியோ போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஒரு அடி மிச்சம் இருந்தது. இருந்தும் பாஜ்ஜியோ விட்டதால்தான் இத்தாலி தோற்றது என்று நீங்கள் ஒருநாள் உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள்.

அண்ணையின் ஆட்டத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் மைதானம் கடலோரம். ஒரு நீளப் பக்கம் இறுகிய தரை, மறுபக்கம், கடல் பக்கம், கரையோரம் ஐந்தாறு பாக அகலத்துக்கு மெது மணல். பந்து அங்கே போனால் உருளாது, குந்தியிருக்கும். அண்ணை வெறுங்காலோடு, எதிரே வருபவனுக்கு முகம் கொடுக்காமல் பக்கவாட்டாக நிற்பார். உள்பக்க வழியை அடைத்துக்கொண்டு கடல் பக்க வழியைத் திறந்துவிடுவார், வாசலைத் திறந்து ‘வாங்கோ’ என்பதுபோல. விங்கில் வருகிறவன் வெட்டிவிட்டேன் என்று சந்தோஷமாக அந்த வழியே ஓடுவான். சனம் ‘விட்டிட்டான், விட்டிட்டான்’ என்று கத்தும். நாலடி போனதும் பந்து மணலில் நின்றுவிடும், ஓடினவன் பந்தைத் தாண்டிப் போய்விடுவான். அண்ணை நடந்து போய்ப் பந்தை எடுப்பார். ஓடியதை நான் கண்டதில்லை.

வெளியூர் ரீம்கள் ஒருமுறை படித்துக்கொண்டு அடுத்த பாதியில் மற்றப் பக்கத்தால் வரலாமே என்று கேட்பீர்கள். இடைவேளையில் பக்கம் மாறும்போது அவரும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிவிடுவார். கடல் பக்கம் எப்போதும் அவருடையதுதான். நடுவில் நின்றவரிடம் சொல்லி எதிராளியை அந்தப் பக்கமே ஒதுக்கி அனுப்பச் செய்வார். ‘காத்து வாங்கப் போறார்’ என்று சனம் சிரிக்கும். எனக்கே இந்தச் சூழ்ச்சி விளங்க மூன்று வருடம் எடுத்தது. அதுவும் ஒரு மழைக்காலத்தில் மணல் இறுகி, இரண்டு பேர் அவரைத் தாண்டிப்போய்க் கோல் அடித்த பிறகு. அந்த இரண்டு கோலையும் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அடித்தவர்களின் பெயரோடு.

‘ஓய்வு பெற்ற’ என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தாலியின் பின்வரிசைக்காரர் மால்டினி 2009 இல் ஓய்வு பெற்றார், நாளும் மைதானமும் குறித்திருக்கிறார்கள். பரேசி ஆட்டத்தை விட்டபோது மிலான் கழகம் அவருடைய ஆறாம் இலக்கத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று எடுத்து வைத்தது. அண்ணை ஓய்வு பெறவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்தபோது, எல்லாரையும் போல நாவற்குழிப் பாலத்தால் நடந்தார், திரும்பி வந்தபோது கோல் கம்பமாக நின்ற பனங்குற்றிகள் பங்கருக்குப் போயிருந்தன. பிறகு அவர் ஆடவில்லை. கடைசி ஆட்டம் எது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன கிழமை அவரை யாழ்ப்பாணத்துத் துரையப்பா மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அதனால்தான் உங்கள் கடிதம் இப்படிச் சுட்டது. 1999 இல் திருத்தத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்த நிலம் அது. 2016 ஜூனில் புதுப்பித்துத் திறந்தார்கள். இப்போது நல்ல புல். கச்சான் சரையோடு உட்கார்ந்து, பந்து எங்கே போனாலும் அந்தப் பக்கம் திரும்பாமல், கிட்டே நின்ற ஒரு பெடியனையே பார்த்துக்கொண்டிருந்தார். இடதுபக்கப் புல்பாக், பத்தொன்பது வயது இருக்கும். இடைவேளை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சொன்னார்:

‘இஞ்ச மணல் இல்லை. நான் இஞ்ச விளையாடியிருந்தா ரெண்டு மட்சில வெளியில விட்டிருப்பாங்கள்.’

நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்: பரேசி, எஸ்கோபார், பிரான்சின் லிலியன் துராம். துராம் நாட்டுக்காக 142 ஆட்டம் ஆடியவர், அடித்த கோல் இரண்டு. இரண்டும் 1998 உலகக் கிண்ண அரையிறுதியில், குரோஷியாவுக்கு எதிராக, ஒரே நாளில். முதலில் குரோஷியா போட்ட கோல் துராம் ஒரு அடி பின்தங்கி நின்றதால் வந்தது. உடனே முன்னால் ஓடிப்போய் அடுத்த நிமிடமே ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார், பிறகு இன்னொன்று. இரண்டாவதை அடித்துவிட்டு முழங்காலில் இருந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு, இது எப்படி நடந்தது என்று யோசிப்பதுபோல ஒரு முகம். அதையாவது யூடியூப்பில் பாருங்கள்.

அப்பாவிடம் எத்தனை கோல் என்று கேட்டதை விட்டுவிடுங்கள். இடமா வலமா என்று கேளுங்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவாரா என்று கேளுங்கள். அவருடைய மைதானத்தில் பந்து எந்த மூலையில் நிற்கும், எந்த மூலையில் துள்ளும் என்று கேளுங்கள். அவர் சிரித்தார் என்றால் எனக்கு உடனே எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளவாலைக்கு வருகிறேன், அண்ணையும் வருவார். அவர் பஸ்ஸில் ஏறமாட்டார், சைக்கிள்தான். ஆகவே மத்தியானச் சாப்பாட்டைக் கொஞ்சம் பிந்திப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணா