விளையாட்டை ரவுட்டர் தடுக்கும்போது: கேள்வி பதில்

கேள்வி (மதுரை): யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் தடையில்லாமல் ஓடுகின்றன. பிளேஸ்டேஷனில் நண்பர்களின் குழுவில் சேர்ந்தால் மட்டும் யார் குரலும் கேட்பதில்லை. இணையச் சோதனையில் 'நாட் டைப் 3' என்று வருகிறது. இதைவிட வேகமான திட்டத்துக்கு மாற வேண்டுமா?

பதில்: வேகத்துக்குப் பணம் கட்டாதீர்கள், கோளாறு அங்கே இல்லை. யூடியூப் பார்க்கும்போது முதலில் கேட்பது உங்கள் கருவி. பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. குழு அரட்டையிலும் சில விளையாட்டுகளிலும் ஆடுபவர்களின் கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. அப்போது நீங்கள் கேட்காத பாக்கெட் (தகவலின் சிறு துண்டு) வெளியிலிருந்து வந்து நிற்கும். எந்த வீட்டாரும் வரச் சொல்லாத ஆளை அடுக்குமாடிக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் போல, ரவுட்டர் அதைத் தள்ளிவிடுகிறது. அதற்கு இட்ட வேலை அதுதான்.

நாட் என்பது வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே பொது முகவரியில் வெளியே போக ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம். டைப் 1 என்றால் கருவி இணையத்தோடு நேரடியாக இணைந்திருக்கிறது. டைப் 2 என்றால் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தாலும் வழி திறந்திருக்கிறது. டைப் 3 என்றால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. உங்களுக்கு 2 தாராளம். ரவுட்டரின் அமைப்புகளில் யுபிஎன்பி (கருவி கேட்டால் ரவுட்டர் தானே வழி திறந்துவிடும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயக்கிய பிறகு முதலில் ரவுட்டரையும், அது முழுதாக எழுந்த பின் பிளேஸ்டேஷனையும் அணைத்துப் போடுங்கள். நெட்கியர் ரவுட்டர்களில் 'நாட் ஃபில்டரிங்' என்று தனியாக ஒன்று உண்டு. அது 'செக்யூர்டு' என்று இருந்தால் 'ஓப்பன்' ஆக்கிச் சோதியுங்கள். அப்படியும் 3 என்றே வந்தால் கீழே மைன்கிராஃப்ட் பற்றிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): வேலரன்ட் ஆட்டம் நன்றாகத் தொடங்குகிறது. பாதியில் திடீரென்று தொடர்பு அறுந்துவிடுகிறது. வைஃபை அப்படியே இருக்கிறது. மாலையில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போதுதான் இப்படி ஆகிறது.

பதில்: நீங்கள் சொல்லும் 'மாலையில்' என்பதுதான் துப்பு. அடுத்த முறை அறுந்தவுடன் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு ரவுட்டரின் 'சிஸ்டம் லாக்' (நடந்தவற்றின் பதிவு) பக்கத்தைத் திறந்து அதே நிமிடத்துக்குப் போங்கள். 'டாஸ் அட்டாக்' அல்லது 'யுடிபி ஃப்ளட்' என்று ஒரு வரி இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது: பாக்கெட் வெள்ளத்தால் வரும் தாக்குதலைத் தடுக்க ரவுட்டரில் இருக்கும் பாதுகாப்பு.

விளையாட்டுகள் பெரும்பாலும் யுடிபி முறையில், அதாவது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல், சின்னச் சின்னப் பாக்கெட்டுகளை ஓயாமல் அனுப்புகின்றன. வேலரன்ட் சர்வர் விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. குரோமில் ஓடும் யூடியூபும், பெரும்பாலான வீடியோ அழைப்புகளும் அதே யுடிபியில்தான் வருகின்றன. எல்லாம் ஒன்றுசேரும் மாலை நேரத்தில், விநாடிக்கு இத்தனை பாக்கெட் என்று ரவுட்டருக்கு வைத்த எல்லை தாண்டிவிடுகிறது. உங்கள் சொந்த ஆட்டத்தையே அது தாக்குதல் என்று எண்ணித் தடுக்கிறது.

இதற்காக மொத்தப் பாதுகாப்பையும் அணைக்க வேண்டியதில்லை. டிபி-லிங்க் ரவுட்டர்கள் பலவற்றில் ஐசிஎம்பி, யுடிபி, டிசிபி-சின் என்று மூன்று வகைப் பாக்கெட் வெள்ளத்துக்கும் தனித்தனி வடிகட்டி உண்டு. யுடிபியை மட்டும் ஒரு படி தளர்த்துங்கள், மற்ற இரண்டையும் தொடாதீர்கள். லாக்கில் உள்ள ஐபி முகவரியையும் (இணையத்தில் ஒரு கருவிக்கு உரிய எண்) குறித்துக்கொள்ளுங்கள். அது விளையாட்டு சர்வரின் முகவரியாகவே இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

கேள்வி (திருநெல்வேலி): ஐயா, ஃபயர்வாலை (பாதுகாப்புச் சுவரை) அணைத்துவிட்டு என் கணினியை 'டிஎம்இசட்' செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மகன் சொல்கிறான். வங்கி வேலையும் அதே கணினியில்தான் செய்கிறேன்.

பதில்: வேண்டாம் அம்மா. மகன் சொல்வது பலிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் டிஎம்இசட் என்றால் வெளியிலிருந்து கேட்காமல் வரும் அத்தனையும் அந்த ஒரு கணினியின் மேல் வந்து விழும். வங்கிக் கணக்கு திறக்கும் கணினியை அங்கே நிறுத்தக் கூடாது. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் இணையத்தில் தேடித் தேடிப் பிடித்தது. வெளியே திறந்து கிடக்கும் கருவியை யாரோ ஒருவர் எப்போதும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மகன் ஆடும் விளையாட்டுக்கு எந்தப் போர்ட் (தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்) தேவை என்பதை அதன் உதவிப் பக்கத்தில் பார்த்து, அதை மட்டும் திறந்து கொடுக்கச் சொல்லுங்கள். யுபிஎன்பியை இயக்கினால், ரவுட்டரின் யுபிஎன்பி பக்கத்தில் வரும் பட்டியலையும் அவ்வப்போது பாருங்கள். எந்தக் கருவி எந்தப் போர்ட்டைத் திறந்திருக்கிறது என்று அதில் இருக்கும். விளையாட்டுக் கருவியின் பெயர் இருக்கலாம். கண்காணிப்புக் கேமரா அங்கே தெரிந்தால் யுபிஎன்பியை உடனே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் சர்வர் வைத்திருக்கிறேன். 25565 போர்ட்டைத் திறந்துவிட்டேன். வீட்டுக்குள் வேலை செய்கிறது, வெளியிலிருந்து யாராலும் வர முடியவில்லை.

பதில்: தம்பி, முதலில் பதிப்பைப் பாருங்கள். ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565. பெட்ராக் பதிப்புக்கு யுடிபி 19132. கணினியின் உள் முகவரி மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வைத்தீர்களா? விண்டோஸ் ஃபயர்வாலிலும் அனுமதி கொடுத்தீர்களா?

இவை சரி என்றால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான் ஐபி' (ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரி) என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். பூட்டு அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. தனிப் பொது ஐபி கேளுங்கள். மாதக் கட்டணம் இருக்கலாம். நண்பர்களுக்கும் ஐபிவி6 (புதிய வகை முகவரி முறை) இருந்தால் அந்த வழியையும் முயலலாம், ஆனால் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் தனியாக அனுமதி தர வேண்டும்.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் அநேகமாக உங்கள் வீட்டிலேயே இரண்டு ரவுட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஃபைபர் பெட்டியை, ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (சேலம்): ரவுட்டரை அணைத்துப் போட்டால் இரண்டு நாள் சரியாக இருக்கிறது. பிறகு பழைய கதைதான்.

பதில்: பழைய யுபிஎன்பி பதிவுகள் தேங்கியிருக்கலாம், அல்லது இணைப்புகளைக் குறித்துவைக்கும் அட்டவணை நிரம்பியிருக்கலாம். ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ரவுட்டருக்கு வயதாகிவிட்டது.

கேள்வி (தஞ்சாவூர்): விளையாட்டில் உள்நுழையவே முடியவில்லை. குறை ரவுட்டரிலா, சர்வரிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே நுழைய முடிந்தால் குறை வீட்டு இணைப்பில்தான். ரவுட்டரில் ஹோம்ஷீல்டு, ஏஐபுரொடெக்‌ஷன் போன்ற பாதுகாப்பு வசதியோ குழந்தைகளுக்கான கட்டுப்பாடோ இருந்தால், 'விளையாட்டு' என்ற வகையையே மொத்தமாகத் தடுத்திருக்கலாம். தடுத்தவற்றின் பட்டியலைத் திறந்து, அந்த விளையாட்டின் முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் முடியவில்லை என்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள்; சர்வர் நிலவரத்தைப் பாருங்கள்.

கேள்வி (புதுச்சேரி): வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ். நாட் சோதனையில் ஒன்றுக்கு 'ஓப்பன்' (வழி திறந்திருக்கிறது), மற்றதற்கு எப்போதும் 'ஸ்ட்ரிக்ட்' (வழி அடைபட்டிருக்கிறது) என்று வருகிறது.

பதில்: இரண்டும் 3074 என்ற ஒரே போர்ட்டுக்குப் போட்டியிடுகின்றன. அந்தப் போர்ட்டை நீங்களே கையால் ஒன்றுக்கு ஒதுக்கியிருந்தால் மற்றதற்கு வழி கிடையாது. அந்த ஒதுக்கீட்டை நீக்கிவிட்டு, யுபிஎன்பியை இயக்குங்கள். பிறகு இரண்டாவது எக்ஸ்பாக்ஸின் நெட்வொர்க் அமைப்புகளில் மேம்பட்ட பகுதிக்குப் போய், 'ஆல்டர்நேட் போர்ட்' என்பதில் வேறொரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, மறுபடியும் நாட் சோதனை செய்யுங்கள்.