செபெதேயுவின் படகில் கூலியாட்கள் இருந்தார்கள்

கேள்வி: எனக்கு வயது 26. பி.காம். முடித்து, திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். போன டிசம்பரில் கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) கடைசி நாளில் முழுநேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். அதற்குப் பிறகு ஏசாயா 6:8 ('இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்') மூன்று முறை வெவ்வேறு விதமாக எனக்குக் கிடைத்தது. மார்ச்சில் வேலையை விட்டு, ஜூனில் இறையியல் கல்லூரியில் சேர நினைக்கிறேன். அக்கா கல்யாண நகைக்கு என் பெயரில் எடுத்த கடனில் 3,20,000 ரூபாய் பாக்கி, மாதம் 11,000 தவணை. அப்பா ஜாமீன் போட்டிருப்பதால் அவரே பென்ஷனில் (19,000) பார்த்துக்கொள்வார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறோம். இது தேவ அழைப்புதான் என்று எப்படி நிச்சயப்படுத்துவது?

பதில்: தம்பி, 19,000-இல் 11,000 போனால் மிச்சம் 8,000. அதில்தான் இரண்டு பேர் சாப்பிட வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், இன்சுலினும் ஊசியும் வாங்க வேண்டும். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவர் நீங்கள். இந்தக் கழித்தல் உங்களுக்குத் தெரியாமல் போனது என்று என்னால் நம்ப முடியவில்லை. விடை கசக்கும் என்று தெரிந்துதான் போட்டுப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள். அப்பாவிடம் சொல்லாததற்கும் அதுதான் காரணம்.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', தேவனுக்கு என்று படைத்தாயிற்று எனச் சொல்லிக் கைவிரித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று பாருங்கள். அவர்கள் பக்தி இல்லாதவர்கள் அல்ல. நீங்கள் செய்யப்போவதும் அதே காரியம்தான்.

சீஷர்கள் எல்லாவற்றையும் விட்டுப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனார்கள். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைப் படகில் விட்டார்கள், 'கூலியாட்களோடு' விட்டார்கள் என்று எழுதியிருக்கிறது (மாற்கு 1:20). தொழிலைக் கவனிக்க ஆள் இருந்தது. உங்கள் அப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்? வலையை விட்ட பேதுருவின் வீட்டில் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது அதே அதிகாரத்தில் இயேசு அந்த வீட்டுக்குள் போனார். சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உயிர் விட்டார். 'மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்' என்று இயேசு சொன்ன வசனத்தை இங்கே கொண்டுவராதீர்கள். சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறவனுக்கு அது பொருந்தும். உங்கள் கடன் சாக்கு அல்ல, நீங்கள் போட்ட கையெழுத்து. கிறிஸ்தவ வீட்டில் பவுன் பேசிக் கடன்பட்டதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் பட்ட கடனைத் தீர்த்தே ஆகவேண்டும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உள்ளத்தில் எழும் உந்துதல் அழைப்பின் ஒரு பாதி. அதைச் சபை பார்த்து, சோதித்து, ஆமென் சொல்வது மறுபாதி. தேவன் மூன்று முறை கூப்பிட்டும் சிறுவன் சாமுவேலுக்குக்கூட அது யாருடைய சத்தம் என்று தெரியவில்லை, ஆசாரியன் ஏலி சொல்ல வேண்டியிருந்தது. ஏசாயா 6-இல் எட்டாம் வசனத்தோடு நிறுத்தாமல் பதினொன்றாம் வசனம் வரை படியுங்கள். 'என்னை அனுப்பும்' என்றவனுக்குக் கிடைத்த செய்தி, ஜனங்கள் கேட்க மாட்டார்கள் என்பது.

நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று வைத்துச் சொல்கிறேன். திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபை முன் உறுதிசெய்யும் சடங்கு) பெற்ற சபை அங்கத்தினராக இருந்து, சேகரகுருவின் (உங்கள் பகுதிச் சபைகளின் குரு) கடிதமும் சேகர கமிட்டியின் சிபாரிசும் வாங்கி, திருமண்டலத்துக்கு (பேராயரின் கீழ் உள்ள மாவட்டத் திருச்சபை) விண்ணப்பிக்க வேண்டும். பேராயரும் அதற்கான குழுவும் நேர்காணல் நடத்துவார்கள். படிக்க அனுப்புவதற்கு முன் ஏதாவது ஒரு கிராமச் சபையில் ஊழியராக வைத்துப் பார்ப்பதும் உண்டு. தேர்ந்தால் திருமண்டலமே படிக்க அனுப்பும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் பட்டதாரிக்கு இறையியல் பட்டமான பி.டி. 4 வருஷம். கிரேக்கமோ எபிரெயமோ படித்தாக வேண்டும், வாரக் கடைசியில் களப்பணி உண்டு. பட்டம் தருவது 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் செனட். படித்து முடித்த பிறகும் பயிற்சிக் காலம், அதன்பின் உதவிக்குரு, அதற்கும் பிறகே குருப்பட்டம். பேராயர் தலையில் கைவைத்துக் குருவாக்கும் முன் சபையின் சம்மதத்தைக் கேட்பார்.

பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? வேலையை முதலில் விட்டுவிடுகிறார்கள். திருமண்டலம் அனுப்பாமலே சொந்தச் செலவில் போய்ச் சேருகிறார்கள். பி.டி. கையில் இருந்தால் குருப்பட்டம் தானாக வரும் என்று எண்ணுகிறார்கள், வராது. இன்னும் சிலர் செராம்பூர் இணைப்பு இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஏதோ ஒரு வேதாகமப் பள்ளியில் மூன்று வருஷத்தைக் கழித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். ஜூனில் சேருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சேகரகுருவிடம் பேசியதாக ஒரு வரிகூட இல்லையே.

உங்கள் கடன் வட்டியோடு தீர ஏறக்குறைய 34 மாதம் ஆகும். போனஸை அதிலேயே போட்டால் இன்னும் சீக்கிரம். அந்தக் காலத்தில் அழைப்பு செத்துப்போகும் என்று பயந்தால், கன்வென்ஷன் பந்தலைத் தாண்டி அது பிழைக்குமா என்று நீங்களே சந்தேகப்படுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

சும்மா காத்திருக்கச் சொல்லவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் நடத்துங்கள். வாலிபர் முகாம் மேடை வேண்டாம், அங்கே எல்லோருக்கும் வரம் இருப்பதுபோலத் தெரியும். வேலை முடிந்து வரும் வழியில் வாரம் இரண்டு வீடு, படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களைப் பாருங்கள். போய் ஜெபித்துவிட்டு ஓடி வராமல், அவர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள். துக்க வீட்டில் முதல் ஆளாகப் போய்ப் பந்தல் போடுவதிலிருந்து கல்லறை வரை நில்லுங்கள். அசன பண்டிகை (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) கணக்கு எழுதக் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள். பணம் புழங்கும் இடத்தில் உங்கள் மேல் சபைக்கு என்ன நம்பிக்கை இருக்கிறது என்பது அங்கே தெரியும். திருமண்டலத் தேர்தல் வரும்போது சபை இரண்டாகப் பிரியும். இரண்டு பக்கத்துக்காரரும் உங்களை வீட்டுக்குள் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். குருவானவரின் திங்கள் முதல் சனி வரை இதுதான். இதில் சலிப்பு வரும். சலிப்புக்குப் பிறகும் அடுத்த வாரம் கால் தானாக அந்த வீட்டுப் பக்கம் திரும்பினால், மூன்று முறை கிடைத்த வசனத்தைவிட அது எனக்குப் பெரிய அடையாளம்.

கண்காணிக்கு, அதாவது சபையை மேய்ப்பவருக்கு, சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் நற்சாட்சி வேண்டும் என்கிறார் பவுல் (1 தீமோத்தேயு 3:7). தவணை நின்றால் வங்கிக்காரர் ஜாமீன்தாரரின் வாசலுக்குத்தான் வருவார். தெரு முழுக்கப் பார்க்கும்.

இந்த வாரமே சேகரகுருவைப் பார்த்து, விண்ணப்பத்துக்கு வயது வரம்பு என்ன என்று கேளுங்கள். திருமண்டலத்துக்குத் திருமண்டலம் அது மாறும். வரம்பு நெருக்கினால் அக்காவையும் மச்சானையும் உட்காரவைத்து, தவணையில் பாதியை ஏற்கச் சொல்லுங்கள். நகை அவர்கள் வீட்டில்தானே இருக்கிறது.

அதற்கு முன் அப்பாவிடம் போங்கள். கடன் பாஸ்புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவும் இருக்கும்போது, முழுவதையும் சொல்லுங்கள். 'நான் கட்டிக்கொள்கிறேன், நீ போ' என்று அவர் உடனே சொன்னால் அதை ஏற்காதீர்கள்; தகப்பன்மார் அப்படித்தான் சொல்வார்கள். 8,000-இல் மாதம் எப்படி நடக்கும் என்று ஒரு தாளில் அவரோடு சேர்ந்து எழுதிப் பாருங்கள்.