ஆபீஸ் மெஷின் எல்லாத்தையும் விண்டோஸ் 11-க்கு மாத்துறது: கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சாச்சு, ஆனா வந்திருக்கற கேள்விய பாத்தா பாதி இடத்துல இன்னும் அதுதான் ஓடிட்டு இருக்குன்னு தெரியுது. சரி, ஒவ்வொண்ணா வரேன். ஒரே விஷயத்த பல பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: அண்ணா, நாப்பது மெஷின் இருக்கு, ஐடின்னு நான் ஒருத்தன்தான். எங்க ஆரம்பிக்கறது?

பதில்: ஐஎஸ்ஓ (விண்டோஸ் இன்ஸ்டால் பண்ற ஃபைல்) டவுன்லோட் பண்றதுல ஆரம்பிக்காதீங்க தம்பி, ஒரு எக்ஸெல் ஷீட்ல ஆரம்பிங்க. எந்த மெஷின், என்ன ப்ராசஸர், ராம் எவ்ளோ, டிஸ்க்ல காலி எவ்ளோ, டிபிஎம் 2.0 (கீய எல்லாம் பாதுகாக்கற செக்யூரிட்டி சிப்) இருக்கா, பயாஸ் (மெஷின ஸ்டார்ட் பண்ற அடிப்படை ப்ரோக்ராம்) பழைய லெகசி முறையா புது யூஇஎஃப்ஐ முறையா, இதெல்லாம் விண்டோஸோட கமாண்ட் டூலான பவர்ஷெல்லயே எடுத்துடலாம். ஆனா அந்த மெஷின்ல உக்கார்றவங்க தினமும் எந்த சாஃப்ட்வேர தொறக்கறாங்க, எந்த பிரிண்டர், எந்த ஸ்கேனர்னு நேர்ல போய் கேட்டுதான் எழுதணும், ஏன்னா கடைசில காலவாருறது அதுங்கதான், ப்ராசஸர் இல்ல. இன்டெல்னா பொதுவா 8-வது ஜெனரேஷன்ல இருந்துதான் விண்டோஸ் 11 சப்போர்ட் லிஸ்ட்ல வரும். ராம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி போதும்னு போட்டிருப்பாங்க, அது இன்ஸ்டால் ஆகறதுக்கு போதும், வேலை பாக்க போதாது. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாம யார்கிட்டயும் குடுக்காதீங்க, திட்டு வாங்கப்போறது நீங்க.

ஷீட் ரெடியானதும் விண்டோஸ் 11 செட்டப்ப ஸ்கேன் மட்டும் பண்ற ஆப்ஷனோட ஓட்டி பாருங்க, எதையும் மாத்தாது, ஒரு எர்ரர் கோட் மட்டும் குடுக்கும். கடைசி மூணு இலக்கம் 210-னு வந்தா தடை ஒண்ணும் இல்ல, 208-னா ஒத்துவராத சாஃப்ட்வேரோ டிரைவரோ இருக்கு, 200-னா ஹார்ட்வேரே பத்தல. நாப்பதுலயும் இத ஓட்டிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கேள்வி: ப்ரோ, ரெஜிஸ்ட்ரில ஒரு கீ போட்டா டிபிஎம் இல்லாத பழைய மெஷின்லயும் ஏறுதே, அப்படியே எல்லாத்துலயும் ஏத்திட்டா என்ன?

பதில்: ஏறும், இல்லன்னு சொல்லல. வீட்ல ஒரு பழைய லேப்டாப்புக்கு பண்ணுங்க, ஆபீஸ்ல வேணாம். சப்போர்ட் இல்லாத மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் குடுக்கறதில்ல, ஒவ்வொரு வருஷமும் புது வெர்ஷன் வரும்போது நீங்கதான் ஒவ்வொரு மெஷினா போய் தள்ளணும். ரொம்ப பழைய ப்ராசஸர்னா 24ஹெச்2 (2024-ல வந்த விண்டோஸ் 11 வெர்ஷன்) பூட்டே ஆகாது, பாப்கவுண்ட், எஸ்எஸ்இ4.2-ன்னு ரெண்டு ப்ராசஸர் வசதிய கட்டாயம் ஆக்கிட்டாங்க. ஆனா முதல்ல பயாஸ திறந்து பாத்தீங்களா? டிபிஎம் இல்லன்னு சொல்ற மெஷின்ல நிறைய, சும்மா ஆஃப்ல கெடக்கும், இன்டெல்ல பிடிடின்னும் ஏஎம்டில எஃப்டிபிஎம்னும் இருக்கும், ஆன் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது.

கேள்வி: ப்ராசஸர் எல்லாம் ஓகே சார், ஆனா பயாஸ் லெகசில இருக்கு, ஃபார்மட் பண்ணித்தான் ஆகணுமா?

பதில்: வேணாம். எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் விண்டோஸ் 10-லயே இருக்கு (1703-ல இருந்து), டேட்டா போகாம டிஸ்க்க பழைய எம்பிஆர் அமைப்புல இருந்து யூஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடிக்கு மாத்திடும். பிரைமரி பார்ட்டிஷன் மூணுக்கு மேல இருந்தா ஒத்துக்காது, அதனால மாத்தறதுக்கு முன்னாடி வேலிடேட் ஆப்ஷன்ல ஓட்டி பாத்துக்கோங்க. மாத்தி முடிச்சு ரீஸ்டார்ட் பண்ணும்போது பயாஸ்ல யூஇஎஃப்ஐக்கு மாத்த மறந்தீங்கன்னா பூட் ஆகாது, பயந்துடாதீங்க. பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் என்கிரிப்ஷன்) ஆன்ல இருந்தா பயாஸ தொடறதுக்கு முன்னாடியே சஸ்பெண்ட் பண்ணிடுங்க, இல்லன்னா அடுத்த பூட்ல 48 இலக்க ரெக்கவரி கீய கேக்கும், அது எங்கன்னு தேடி அந்த நாளே போயிடும். கீ ஆக்டிவ் டைரக்டரிலயோ என்ட்ராலயோ (ஆபீஸ் யூசர், மெஷின் அக்கவுண்ட் எல்லாம் வச்சிருக்கற மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்) சேவ் ஆகிருக்கான்னு இப்பவே பாத்துடுங்க. பேக்கப்? அத சொல்லவே தேவையில்ல.

கேள்வி: இருக்கற விண்டோஸ் 10 மேலயே ஏத்தறதா, எல்லாத்தையும் அழிச்சுட்டு க்ளீனா போடறதா?

பதில்: ஓடிட்டு இருக்கற மெஷின்னா மேலயே ஏத்துங்க. 10 நாளைக்குள்ள பிரச்சனை வந்தா பழசுக்கே திரும்பலாம், அந்த 10 நாள டிஸம் கமாண்ட்ல 60 வரைக்கும் நீட்டிக்கலாம், ஆனா 10 முடியறதுக்குள்ள போடணும். 32 பிட் விண்டோஸ் 10 இருந்தா வேற வழியில்ல, க்ளீன்தான்.

கேள்வி: ஒரு மெஷின ரெடி பண்ணி அந்த டிஸ்க்கயே எல்லாத்துக்கும் க்ளோன் போடலாமா அண்ணா? முன்னாடி எல்லாம் அப்படித்தான் பண்ணோம்.

பதில்: சிஸ்ப்ரெப் (க்ளோன் போடறதுக்கு முன்னாடி மெஷினோட அடையாளத்த நீக்கற விண்டோஸ் டூல்) பண்ணாம பண்ணாதீங்க. இத்தன வருஷமா எஸ்ஐடி (ஒவ்வொரு மெஷினுக்கும் விண்டோஸ் குடுக்கற அடையாள எண்) ஒரே மாதிரி இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் ஓட்டிட்டு இருந்தோம், 2025 ஆகஸ்ட் 29-ல இருந்து வந்த அப்டேட்ல அந்தக் கத முடிஞ்சுது. 24ஹெச்2, 25ஹெச்2-ல ரெண்டு மெஷினுக்கு ஒரே எஸ்ஐடி இருந்தா ஒண்ணுக்கொண்ணு லாகின் ஒத்துக்காது, ஷேர் ஃபோல்டரும் திறக்காது ரிமோட் டெஸ்க்டாப்பும் போகாது, பாஸ்வேர்ட் சரியாத்தான் இருக்கும், நீங்க நெட்வொர்க்க தோண்டிட்டு இருப்பீங்க. ஏற்கனவே க்ளோன் போட்ட ஆபீஸ்னா அதுங்கள சிஸ்ப்ரெப் பண்ணின இமேஜ்ல திரும்ப போட்டுடறதுதான் நிரந்தர வழி.

கேள்வி: சார், எல்லா மெஷினும் ஒரே நேரத்துல அப்டேட் இழுத்து நெட்டே படுத்துடுச்சு.

பதில்: டெலிவரி ஆப்டிமைசேஷன ஆன் பண்ணுங்க, ஒரு மெஷின் இழுத்தத பக்கத்து மெஷின் லேன்லயே வாங்கிக்கும், ஃபயர்வால்ல 7680 போர்ட் திறந்திருக்கணும். டபிள்யூசஸ் (அப்டேட்ட ஆபீஸ் சர்வர்ல இருந்தே குடுக்கற மைக்ரோசாஃப்ட் வசதி) வச்சிருந்தா அதுவே போதும், 2024-ல இனி அதுல புது வசதி வராதுன்னு சொன்னாங்களே தவிர வேலை செய்யுது. எப்படியும் ஒரே நாள்ல நாப்பதும் போடாதீங்க, டிபார்ட்மென்ட்டுக்கு ஒண்ணுன்னு எடுத்து முதல்ல போட்டு ஒரு வாரம் விடுங்க. அதுவும் நல்லா குறை சொல்றவரோட மெஷினா பாத்து எடுங்க, அவர் கண்ணுக்குத்தான் எல்லாம் படும்.

கேள்வி: 24ஹெச்2 போட்டதும் பழைய நாஸ் (நெட்வொர்க்ல இருக்கற ஸ்டோரேஜ் பெட்டி) ஷேர் திறக்க மாட்டேங்குது!!

பதில்: எஸ்எம்பி சைனிங் (ஃபைல் ஷேரிங்ல ஒவ்வொரு மெசேஜும் உண்மையானதுதானான்னு சரிபாக்கறது) கட்டாயம் ஆயிடுச்சு, பாஸ்வேர்ட் இல்லாம கெஸ்ட்டா உள்ள போறதும் ப்ரோ எடிஷன்ல மூடிட்டாங்க. நாஸுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போட்டு, யூசர் பாஸ்வேர்ட் ஒண்ணு உருவாக்கி அதுல கனெக்ட் பண்ணுங்க. விண்டோஸ் பக்கம் சைனிங்க ஆஃப் பண்ண சொல்லி நிறைய பேர் சொல்வாங்க, ரான்சம்வேருக்கு கதவ திறந்து வைக்கறது அது.

கேள்வி: ஒரு மெஷின் லேப் கருவியோட கனெக்ட் ஆகிருக்கு, அந்த சாஃப்ட்வேர் 16 பிட்டாம். என்ன பண்ண?

பதில்: 16 பிட் சாஃப்ட்வேருக்கு 32 பிட் விண்டோஸ் வேணும், விண்டோஸ் 11-ல 32 பிட் எடிஷனே கிடையாது, அதனால ஓடவே ஓடாது. அத தொடாதீங்க, தனி விலேன்ல (நெட்வொர்க்ல பிரிச்சு வச்ச தனி பகுதி) போட்டு இன்டர்நெட்ட வெட்டிடுங்க. நெட் இல்லாம ஆகாதுன்னா ஈஎஸ்யூ (விண்டோஸ் 10-க்கு காசு குடுத்து வாங்கற கூடுதல் செக்யூரிட்டி அப்டேட்) வாங்கலாம், கம்பெனிகளுக்கு முதல் வருஷம் மெஷினுக்கு 61 டாலர், வருஷா வருஷம் ரெட்டிப்பாகும், மூணு வருஷத்தோட அதுவும் முடிஞ்சுடும். அதுக்குள்ள அந்தக் கருவிய வித்தவங்ககிட்ட புது சாஃப்ட்வேர் கேட்டு நச்சரிங்க.

கேள்வி: விண்டோஸ் 11 ஏத்தும்போது பாதில போய் பழசுக்கே திரும்பிடுது அண்ணா, எர்ரர் கோட கூகுள் பண்ணா ஆயிரம் சொல்றாங்க.

பதில்: கூகுள விடுங்க, செட்டப்டயக்னு மைக்ரோசாஃப்ட்டோட டூல் இருக்கு, லாக எல்லாம் படிச்சுட்டு எதனால நின்னுச்சுன்னு சொல்லிடும். பெரும்பாலும் வேற கம்பெனி ஆன்டிவைரஸ், பழைய விபிஎன், இல்ல ஏதாவது டிரைவர்தான், அத அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப ஓட்டுங்க. சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன அப்டேட் பண்ண முடியலன்னு வந்தா அந்த குட்டி பார்ட்டிஷன் நிறைஞ்சு போச்சுன்னு அர்த்தம், அதுல இருக்கற தேவையில்லாத ஃபான்ட் ஃபைல்கள அழிச்சா இடம் வரும். செட்டப்டயக் என்ன சொல்லுதுன்னு அப்படியே போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.